கிளீனர் இல்லாத லாரியும் இடது ஓரத்துச் சைக்கிளும்

ஜூன் 3 உலக சைக்கிள் தினம். 2018-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானம் போட்டு அறிவித்த நாள். நம் ஊரில் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில், சைக்கிள் மிதித்தால் இதயத்துக்கு நல்லது, சர்க்கரை குறையும், பெட்ரோல் மிச்சம் என்றெல்லாம் பத்திரிகைகளில் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பறப்பவர்களின் படமும் கூடவே வரும்.

காலை ஏழே முக்காலுக்கு மாதவரம் ரவுண்டானா பக்கமோ, திருவொற்றியூரிலோ, துரைப்பாக்கத்திலோ சாலையோரம் சற்று நின்று பாருங்கள். சென்னையில் அன்றாடம் சைக்கிள் மிதிப்பவர்கள் யார் என்று தெரிந்துவிடும். இரவுப் பணி முடித்துத் திரும்பும் செக்யூரிட்டி. பின் கேரியரில் டீ கேனைக் கட்டியிருக்கும் நடுத்தர வயதுக்காரர். கைப்பிடியில் சோற்றுத் தூக்கைத் தொங்கவிட்டபடி கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அப்புறம், சீருடையில், முதுகில் பையோடு, அரசு கொடுத்த சைக்கிளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள்.

இந்தக் கடைசி ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2001-ல் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கும் விரிந்தது. கிராமப்புறத்தில் அது பெண் பிள்ளைகளின் படிப்பை நீட்டித்தது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் பழகியதன் தொடர்ச்சி அது என்றுகூடச் சொல்வேன். சென்னையில் அதே சைக்கிள் பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடிக்கிறது. சாலையில் விட அம்மாவுக்குப் பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1970 வாக்கில் இந்த நகரத்தின் பயணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளில் நடந்தது. 2008-ல் எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதம். ஊர் விரிந்தது, மோட்டார் சைக்கிள் தவணையில் கிடைத்தது என்று காரணங்கள் அடுக்கலாம். பயத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. சைக்கிளில் போய் உயிரைவிட்டவர்கள் நாடு முழுக்க நாலாயிரத்துக்கும் மேல். மொத்தத்தில் இது சிறிய பங்கு என்பதால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சைக்கிள் ஓட்டுபவர்களே குறைந்துவிட்ட நாட்டில் அந்தப் பங்கு சிறிதாகத்தான் தெரியும்.

சைக்கிள்காரரைப் பிடித்த காலம்

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை வாங்க வேண்டும். இருட்டினால் விளக்கு எரிய வேண்டும். டைனமோ இல்லாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கை முன்னால் மாட்டிக்கொண்டு போனார்கள். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் நிறுத்தி, வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். சாலையில் பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டியவன் சைக்கிள்காரன் என்பது அன்றைய நடைமுறை. அன்று சாலையில் பெரும்பாலான வண்டிகள் சைக்கிள்களாக இருந்ததால் அதில் ஓரளவு நியாயமும் இருந்தது.

இன்று வில்லையும் இல்லை, காற்றை இறக்கிவிடும் போலீஸ்காரரும் இல்லை. ஆனால் அந்த மனப்பழக்கம் மட்டும் போகவில்லை. ஒரு விபத்துச் செய்தி வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, “அவன் ஏன் நடு ரோட்டுக்கு வந்தான்?” என்பதாகவே இருக்கிறது. பன்னிரண்டு டன் எடையை ஓட்டியவரை நோக்கி அவ்வளவு விரைவாக யாரும் கேள்வி எழுப்புவதில்லை.

அவன் ஏன் நடு ரோட்டுக்கு வந்தான் என்பதற்குப் பதில் இருக்கிறது. சாலையின் இடது ஓரத்து மூன்றடியைக் காரிலிருந்து பார்ப்பவருக்கு அது காலியிடம். சைக்கிள் சக்கரத்துக்கு அந்த மூன்றடிதான் நகரத்திலேயே மோசமான தரை. மழைநீர் வடிகாலின் மூடி சாலை மட்டத்துக்கு மேலே துருத்தியிருக்கும், இல்லையென்றால் நாலு விரல் கீழே அமிழ்ந்திருக்கும். இரும்புக் கம்பி மூடிகளில் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் மெல்லிய டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். மணல் சேர்ந்திருக்கும். தார் போட்டுப் போட்டு உயர்ந்த சாலை ஓரத்தில் சட்டென்று இறங்கும். நின்றிருக்கும் ஆட்டோ, டெலிவரி வண்டி, இளநீர்க் கடை. சைக்கிளில் வருகிறவர் இவற்றைச் சுற்றித்தான் போயாக வேண்டும். அதற்காக இரண்டடி வலப்பக்கம் வந்தே தீருவார். சாலையைப் படிக்கத் தெரிந்த ஓட்டுநருக்கு அவர் வருவதற்கு முன்பே அது தெரியும். முன்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது, அதற்கு இருபதடி பின்னால் ஒரு சைக்கிள் போகிறது என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும்.

நம் ஓட்டுநர் பயிற்சியில் இதற்கு இடமே இல்லை. எட்டு போடச் சொல்கிறார்கள், எச் வடிவத்தில் பின்னால் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு சைக்கிளை எவ்வளவு இடம் விட்டுக் கடக்க வேண்டும் என்று எந்தப் பயிற்சிப் பள்ளியும் ஓட்டிக் காட்டியதை நான் பார்த்ததில்லை. ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று அளவே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் 2022 ஜனவரியில் சாலை விதிக் கையேட்டைத் திருத்தி, யாரால் அதிகத் தீங்கு விளைய முடியுமோ அவருக்கே அதிகப் பொறுப்பு என்று வரிசைப்படுத்தினார்கள். லாரியும் பஸ்ஸும் முதலில். அப்புறம் கார், பைக், சைக்கிள், நடப்பவர். இந்த வரிசையை நம் பழகுநர் உரிமத் தேர்வில் ஒரு கேள்வியாகவாவது வைக்கலாம்.

வேகம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் எல்லை. பிற சாலைகளில் காருக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40. ஐம்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 14 மீட்டர் கடந்துவிடும். முப்பதில் போனால் எட்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஓட்டுநர் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, நடப்பவரும் சைக்கிளும் மோட்டார் வண்டியும் கலந்து புழங்கும் இடங்களில் முப்பதுதான் உச்சம் என்று கேட்டுக்கொண்டது இதனால்தான். நம்மிடம் எண் இருக்கிறது. முப்பதில் ஓட்டுகிறவரைப் பின்னாலிருந்து ஹாரன் அடித்து விரட்டுகிற கூட்டமும் இருக்கிறது.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொல்வேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கும்போது கதவை வலது கையால் தள்ளாதீர்கள். இடது கையை நீட்டித் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும்; பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் இது பழகிய விஷயம். தி.நகர் போன்ற இடங்களில் திடீரென்று திறக்கும் கதவில் மோதி, வலப்பக்கமாகப் பஸ்ஸுக்கு முன்னால் போய் விழும் ஆபத்து எந்த நாளும் இருக்கிறது.

அகட்டித் திரும்பும் வண்டி

மேலே சொன்னதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். சைக்கிள்காரர் உயிருக்கு வண்டிகளின் ஒரே ஓர் அசைவைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அஞ்சுகிறேன். கனரக வண்டி இடது பக்கம் திரும்புவது.

நீளமான வண்டி இடது பக்கத் தெருவுக்குள் நுழைய வேண்டுமென்றால் நேராகத் திரும்ப முடியாது. ஓட்டுநர் முதலில் வலப்பக்கமாகக் கொஞ்சம் அகட்டி எடுப்பார். அப்போது இடது ஓரத்தில் இடம் திறக்கும். பின்னால் வரும் சைக்கிள், லாரி வலது பக்கம் போகிறது அல்லது நேரே போகிறது என்று நினைத்து அந்த இடத்துக்குள் முன்னேறும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? அதே நொடியில் லாரி இடது பக்கம் ஒடிக்கும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. வளைவின் உட்புறமாக ஒதுங்கி, மூலையை அறுத்துக்கொண்டு வரும். லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருந்த இடம் கண்ணெதிரே சுருங்கும். சைக்கிளைப் போட்டுவிட்டுக் குதிக்கக்கூட அந்தப் பிள்ளைக்கு வழி இருக்காது.

ஓட்டுநர் பார்க்க மாட்டாரா? நம் வண்டிகளில் அவர் வலது பக்கம், உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேபினின் இடது முன்மூலையை ஒட்டி, கதவுக்குக் கீழே இருக்கும் பகுதி அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடியில் தெரிவதும் சரியான கோணத்தில் வைத்திருந்தால்தான். திரும்பத் தொடங்கியதும் அந்தக் கண்ணாடியும் வேறெங்கோ பார்க்கும்.

இந்த இருட்டு மூலைக்கு நம் ஊரில் ஒரு மருந்து இருந்தது. கிளீனர். இடது பக்கக் கதவோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, சைக்கிள் வருகிறது என்றால் பாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். “வா வா வா, லெஃப்ட் ஃப்ரீ, போலாம்” என்று குரல் கொடுப்பார். சந்து முனைகளில் இறங்கி நின்று கையைக் காட்டி வண்டியைத் திருப்பி விடுவார். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பையன். நாளைக்கு ஓட்டுநர் ஆக வேண்டியவன். லாரித் தொழிலில் பள்ளிக்கூடமே அந்த இடது சீட்தான். சாலையின் இடது ஓரத்தை வருடக்கணக்கில் பார்த்துப் பழகியவன்தான் பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தான்.

அந்த சீட் இப்போது பல வண்டிகளில் காலி. நாமக்கல் பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் பேசினால் இரண்டு காரணம் சொல்வார்கள். இந்த வேலைக்குப் பையன்கள் வருவதில்லை; வந்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. இரண்டும் நிஜம். டீசல், டயர், இன்ஷூரன்ஸ், சுங்கம் என்று எல்லாம் ஏறும்போது முதலில் கைவைக்கத் தோன்றுவது கிளீனர் சம்பளத்தில். நெடுஞ்சாலையில் அதன் விளைவு உடனே தெரியாது. ஊருக்குள் நுழைந்ததும் தெரியும். இரண்டு ஜோடிக் கண்கள் பார்த்த வேலையை ஒரு ஜோடி பார்க்கிறது. அந்த ஒரு ஜோடிக்குப் பாதிச் சாலை மறைவு.

ஊருக்குள் சுற்றும் கனரக வண்டிகளில் தண்ணீர் லாரியை நான் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு எண்ணூர் விரைவுச் சாலை, மணலி என்று ஓரளவு குறிப்பிட்ட தடம் இருக்கிறது. தண்ணீர் லாரிக்குத் தடம் கிடையாது. அது எல்லாத் தெருவுக்குள்ளும் வரும், பள்ளிக்கூட வாசலையும் கடந்து போகும். 12,000 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டும் 12 டன். 24,000 லிட்டர் வண்டிகளும் ஓ.எம்.ஆர். குடியிருப்புகளுக்கு வருகின்றன. ஒரு இடத்தில் பாதி இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும் டேங்கரில், பிரேக் அடித்ததும் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். நிறுத்த நினைத்த இடத்தில் வண்டி நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூலி நடைக்கணக்கில். எத்தனை நடை அடிக்கிறாரோ அவ்வளவு பணம். கோடையில் நிரப்பும் இடத்தில் வரிசையில் காத்திருந்து இழந்த நேரத்தை அவர் வேறெங்கே பிடிப்பார்? சாலையில்தான். அவரை வில்லனாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு ஒரு நாளில் எத்தனை நடை என்று வரம்பு வைக்காதவர்களையும் சேர்த்துத்தான் ஓட்டுநர் பொறுப்பு என்ற சொல்லை நான் பயன்படுத்துகிறேன்.

மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிகளால் பல முக்கியச் சாலைகள் தடுப்புத் தகரங்களுக்கு நடுவே சுருங்கிக் கிடக்கின்றன. அங்கே இடது ஓரம் என்று ஒன்றே இல்லை. தகரத்துக்கும் லாரிக்கும் இடையில் சைக்கிள் மாட்டினால் ஒதுங்க நடைபாதையும் கிடையாது.

இரண்டு இரும்புப் பட்டைகள்

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே லாரியின் வயிறு திறந்திருக்கிறதே, அங்கேதான் மனிதர்கள் உள்ளே இழுக்கப்படுகிறார்கள். அதை மூடப் பக்கவாட்டுத் தடுப்பு என்று ஒன்று இருக்கிறது. படுக்கைவாட்டில் இரண்டு இரும்புப் பட்டைகள் அல்லது குழாய்கள். மோதியவரை வெளியே தள்ளிவிடும். சக்கரத்துக்கு அடியில் போக விடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் கனரக சரக்கு வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதற்கு இந்தியத் தர எண்ணே இருக்கிறது, ஐ.எஸ். 14682. பாடி கட்டும் பட்டறைக்கு இது பெரிய வேலை இல்லை.

சாலையில் நின்று லாரிகளை எண்ணிப் பாருங்கள். சிலவற்றில் தடுப்பே இருக்காது. சிலவற்றில் வளைந்து தொங்கும். சிலவற்றில் ஸ்டெப்னி எடுக்கத் தொந்தரவு என்று கழற்றியிருப்பார்கள். புது வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தகுதிச் சான்று (எஃப்.சி.); அதன் பிறகு ஆண்டுதோறும். எஃப்.சி. அன்று இருந்த தடுப்பு அடுத்த மாதம் இருக்கிறதா என்று தெருவில் நிறுத்திப் பார்க்கும் வழக்கம் வரவில்லை. ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறார்கள், நல்லது. அதே சந்திப்பில் லாரியின் இடுப்பையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளை, ஓட்டுநர் இருக்கையிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்து நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். 2021 மார்ச் முதல், தரம் குறைந்த லாரி கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தாமல் ஊருக்குள் நுழைய முடியாது. 2024 அக்டோபரில் அதை இன்னும் இறுக்கினார்கள். நம்மால் உடனே அவ்வளவு தூரம் போக முடியாது. கேமராவும் சென்சாரும் வரும்வரை இடது சீட்டில் ஒரு ஆள் இருக்கட்டும் என்பது நம்மால் முடியும்.

சட்டம் எங்கே நிற்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, அஜாக்கிரதையால் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது; பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின்படி, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் இழப்பீடு உண்டு. அதற்கு மேல் கேட்டால் ஓட்டுநரின் தவறைக் குடும்பம் நிரூபிக்க வேண்டும். செக்யூரிட்டி வேலை பார்த்தவரின் மனைவி, விடிகாலை ஐந்து மணிக்கு நடந்த ஒன்றுக்குச் சாட்சியை எங்கே தேடுவார்? எதிர்த் தரப்பு, சைக்கிள்காரர் திடீரென்று குறுக்கே வந்தார், அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லும். அதை மறுக்க அவர் உயிரோடு இல்லை.

நெதர்லாந்தில் இந்தச் சுமையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். 1971-ல் மட்டும் அங்கே சாலையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். இன்று அந்த நாட்டின் சைக்கிள் பாதைகளைப் புகழ்கிறோம். அங்குள்ள இழப்பீட்டு விதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால் இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டுநருடையது என்றே தொடக்கம். அடிபட்டவர் 14 வயதுக்குட்பட்டவர் என்றால் முழுப் பொறுப்பும் பெரும்பாலும் ஓட்டுநருடையதுதான். பெரியவர் என்றால், சைக்கிள்காரர் மேல் தவறு இருந்தாலும் குறைந்தது பாதியை ஓட்டுநர் தரப்பு ஏற்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் கட்டப்போகிற பணம்தானே என்று கேட்கலாம். பிரீமியம் யாருக்கு ஏறும் என்று லாரி உரிமையாளருக்குத் தெரியும்.

சைக்கிள்காரர்களும் எதிர்த்திசையில் வருகிறார்கள், சிக்னலை மதிப்பதில்லை, விளக்கு இல்லை என்ற புகார் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பின் சக்கரத்தில் சிவப்புப் பிரதிபலிப்பான் ஒட்டுவதைப் பள்ளிகளே செய்து தரலாம்.

சென்னைக்கு 2014-லேயே நடப்போருக்கும் சைக்கிளுக்குமான போக்குவரத்துக் கொள்கை எழுதப்பட்டது. நடைபாதைகள் பல இடங்களில் அகலமாயின. சைக்கிளுக்குத் தொடர்ச்சியான பாதை வலை உருவாகவில்லை. அது வரும்வரை காத்திருக்கப் பதினொன்றாம் வகுப்பு மாணவிக்கு நேரமில்லை, அவள் திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டும். பள்ளி நேரத்தில் கனரக வண்டிகளுக்கான கட்டுப்பாடும் ஒரு சாவு நடந்த வாரத்தில் கடுமையாக இருக்கும், பிறகு தளரும்.

அதனால் என் வேண்டுகோள் அரசை நோக்கி மட்டும் இல்லை. தண்ணீர் லாரியைப் போன் செய்து வரவழைப்பது நாம். இன்னும் வரலையா, எவ்வளவு நேரம் என்று அவசரப்படுத்துவதும் நாம்தான். பெரிய குடியிருப்புகளின் சங்கங்கள் ஆண்டு ஒப்பந்தம் போட்டு, லிட்டருக்கு என்ன விலை, தண்ணீரில் கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) எவ்வளவு, தாமதமானால் எவ்வளவு பிடித்தம் என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. அதிலேயே இன்னும் மூன்று வரி சேர்க்கலாம். காலை ஏழரை முதல் ஒன்பது வரையும், மாலை மூன்றரை முதல் ஐந்து வரையும் லாரி வரக் கூடாது. இடது சீட்டில் கிளீனர் இல்லாமல் கேட்டுக்குள் விட மாட்டோம். இரு பக்கமும் தடுப்புப் பட்டை இருக்க வேண்டும். செக்யூரிட்டி அதைப் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சற்று மாற்றி அமைக்க மேல்நிலைத் தொட்டிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

கிளீனர் கூலியை யார் தருவது என்று லாரிக்காரர் கேட்பார். ஒரு நாள் கூலி 600 ரூபாய், ஒரு நாளில் ஆறு நடை என்று வைத்துக்கொண்டால் நடைக்கு 100 ரூபாய் கூடும். நூறு வீடு உள்ள குடியிருப்பில் அது வீட்டுக்கு ஒரு ரூபாய்.